குஞ்சுகளை எண்ணியது போதும், இனி வலைக்கண்ணை அளந்து பாருங்கள்: வன்னிக் குளங்களின் நன்னீர் மீன்பிடி பற்றி ஒரு திறந்த மடல்

வடமாகாணத்தில் நன்னீர் மீன்பிடியைக் கவனிக்கும் உத்தியோகத்தர்களுக்கும், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல அபிவிருத்தித் திணைக்களம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கும், குளங்களில் தொழில் செய்யும் நன்னீர் மீன்பிடிச் சங்கங்களுக்கும், கமக்காரர் அமைப்புகளுக்கும்:

வணக்கம்.

இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, பாவற்குளம், கட்டுக்கரை என்று வன்னியில் எந்தக் குளத்தை எடுத்தாலும் மாரி கழிந்ததும் ஒரே மாதிரியான செய்திதான் வருகிறது: குளத்தில் இத்தனை இலட்சம் மீன்குஞ்சுகள் விடப்பட்டன. கூடவே பொலித்தீன் பையைக் கவிழ்க்கும் ஒரு படம். குஞ்சு எத்தனை அங்குலம், விட்ட அன்று குளம் நிரம்பி வான் (மேலதிக நீர் வழியும் வாய்) பாய்ந்துகொண்டிருந்ததா, அதில் எத்தனை பிறகு வலைக்கு வந்தன என்ற மூன்றும் எந்தச் செய்தியிலும் இருப்பதில்லை. எங்கள் கணக்கில் அந்த மூன்றும்தான் செய்தி.

இந்த மடலில் நாங்கள் கேட்பது சுருக்கமானது. அடுத்த மாரிக்கு முன் ஒவ்வொரு பெருங்குளத்துக்கும் மூன்று விடயங்கள் எழுத்தில் முடிவாக வேண்டும். வலைக்கண்ணை, அதாவது வலைத் துளையின் அளவை, யார், எப்போது, எப்படி அளப்பது. குஞ்சு எந்த அளவில், எந்தக் கிழமையில் விடப்படும். சிறுபோகத்தில் (கோடைக்கால நெற்செய்கையில்) தண்ணீர் இறங்கும் மாதங்களில் மீன்பிடி எப்படி நடக்கும். குஞ்சுக்கான பணம் இவற்றுக்குப் பிறகு வரட்டும். காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறோம். அளவுகளும் கணக்குகளும் உள்ளதால் பொறுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

முதலில், குளத்து மீன்பிடியைத் தாங்கி நிற்பது எந்த மீன் என்பதை மறக்கக் கூடாது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, ஊர்ப்பேச்சில் யப்பான் மீன், குளத்திலேயே பெருகிக்கொள்ளும். கட்லா, ரோகு, மிரிகால், புல் கெண்டை ஆகியவை அப்படியல்ல. இவை ஓடும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடும் இனங்கள். தேங்கிய குளத்தில் வளரும், பெருகாது. எனவே ஒவ்வொரு கெண்டைக்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்திருக்க வேண்டும். திலாப்பியாவுக்கு யாரும் கொடுக்கத் தேவையில்லை, அதை முட்டையிடும் வயதுவரை விட்டுவைத்தால் போதும்.

இதற்கு நாடளாவிய சாட்சி ஒன்று உண்டு. 1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தியது. 1994இல்தான் அது திரும்ப வந்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் குஞ்சு விடுவதும் நின்றது, கண்காணிப்பும் நின்றது. குளங்களைப் பாதித்தது இரண்டாவது: சின்னக்கண் வலைகள் பரவின, பிடிபடும் மீனின் பருமன் குறைந்தது. திலாப்பியா அற்றுப்போகவில்லை. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை வந்தபோது, குளங்களில் அதற்காகக் காத்திருந்ததும் அந்த மீன்தான்.

திலாப்பியா குளத்தில் நிலைத்ததற்குக் காரணம் அதன் வாய். ஆண் மீன் கரையோர மணலில் வட்டக் குழி தோண்டும். பெண் அதில் முட்டையிட்டு உடனே வாயில் அள்ளிக்கொள்ளும். முட்டை பொரிப்பதும் குஞ்சு நீந்தப் பழகுவதும் தாயின் வாய்க்குள் அல்லது வாயருகில், ஏறக்குறைய இரண்டு கிழமை. இதனால் துருசு (மதகு) திறந்து தண்ணீர் இறங்கினாலும் முட்டை வெயிலில் காயாது. தாய் ஆழத்துக்கு நகர்ந்துவிடும். நீர்மட்டம் நாள்தோறும் மாறும் பாசனக் குளத்துக்கு இதைவிடப் பொருத்தமான மீனைத் தேடிப் பிடிப்பது கடினம்.

அதே வாய்தான் அதன் பலவீனமும். முட்டை சுமக்கும் தாய் இரை எடுக்காது, கரையோரத்து ஆழமில்லாத நீரில் ஒதுங்கி நிற்கும். அங்கே சின்னக்கண் வலையை வளைத்து, கம்பால் தண்ணீரை அடித்துக் கலைத்தால் முதலில் மாட்டுவது அவைதான். வலையிலிருந்து கழற்றும்போது தாய் வாயைத் திறந்து துப்பிவிடும். வள்ளத்தின் அடியில் மஞ்சள் மணிகளாக முட்டை உருண்டு கிடப்பதைத் தொழில் செய்யும் எவரும் பார்த்திருப்பார்கள். ஒரு மீனின் விலைக்கு ஒரு கூட்டம் போய்விட்டது. எந்தப் பொரிப்பகமும் அதை ஈடுசெய்யாது.

இனி வலைக்கு வருவோம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் உள்நாட்டு நீர்நிலைகளில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள வலைகளைத் தடுக்கின்றன. நீட்டிப் பிடித்த கண்ணின் அளவு அது. ஏறத்தாழ 3⅜ அங்குலம். கரைவலை குளத்துக்கு ஆகாது. தங்கூசி வலையும் (ஒற்றை இழை நைலோன் வலை) தடை. இவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆனால் ஒரு வலையைக் கையில் கொடுத்து 'இது சட்டப்படியானதா?' என்று கேட்டால், அளந்து காட்டக்கூடியவர்கள் சங்கத்திலும் குறைவு, அலுவலகத்திலும் குறைவு. கண்ணால் பார்த்து, விரலை விட்டுப் பார்த்துச் சொல்கிறார்கள். பிறகு தகராறு.

அளக்கும் முறை எளிது. வலையை நனைக்க வேண்டும், ஏனெனில் நைலோன் நூல் நனைந்து முடிச்சு இறுகும்போது கண் சற்றுக் குறையும். ஓரத்துக் கண்களை விட்டு நடுவிலிருந்து அடுத்தடுத்த பத்துக் கண்களை ஒரே வரிசையில் எடுத்து, இரு முனையையும் இருவர் பிடித்து இறுக நீட்ட வேண்டும். ஒரு முடிச்சின் நடுவிலிருந்து பத்தாவது கண் முடியும் முடிச்சின் நடுவரை அளவுநாடா 85 சென்ரிமீற்றர் காட்டினால் சரி. 80 காட்டினால் அது எட்டு. ஒரே வலையில் மூன்று இடத்தில் அளந்தால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. கடையில் 3½ அங்குலம் என்று வாங்குங்கள். விளிம்பில் நிற்கும் 3⅜ வலை ஒரு மாதத்தில் சுருங்கி விளிம்புக்குக் கீழே போய்விடும். அப்போது குற்றம் நூலில் இருந்தாலும் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

கண்ணுக்கு அடுத்தது கட்டு. இதைப் பரிசோதகர்கள் பார்ப்பதே இல்லை. நீட்டிய நிலையில் நூறு மீற்றர் வலையை ஐம்பது மீற்றர் மேல்கயிற்றில் கட்டுவது நடைமுறை. இதை முப்பத்தைந்து மீற்றரில் நெருக்கிக் கட்டினால் வலை தொளதொளவென்று தொங்கும். கண் 3½ ஆகவே இருந்தாலும் சிறிய திலாப்பியாவின் முதுகு முள் சிக்கி மடிப்புக்குள் சுருண்டுகொள்ளும். செவுளில் மாட்ட வேண்டிய வலை இப்போது போர்த்துப் பிடிக்கும் வலை. வலைக்கண் சரியாக இருந்தும் பிடியில் குறுணி மீன் நிறைய வருகிறது என்றால் முதலில் மேல்கயிற்றை அளந்து பாருங்கள்.

கண்ணின் அளவுக்கும் மீனின் அளவுக்கும் உள்ள கணக்கைச் சங்கக் கூட்டங்களில் பலகையில் எழுதிக் காட்ட வேண்டும் என்பது எங்கள் கருத்து. 2½ அங்குலக் கண்ணில் மாட்டும் திலாப்பியா ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் நீளம், 70 முதல் 80 கிராம். 3½ அங்குலக் கண்ணில் மாட்டுவது 22 முதல் 24 சென்ரிமீற்றர், 200 கிராமுக்கு மேல். ஒரு கிலோவுக்கு முதல் வலையில் பதின்மூன்று மீன் வேண்டும், இரண்டாவதில் ஐந்து. பதின்மூன்று மீனில் பெரும்பாலானவை ஒரு முறைகூட முட்டை சுமக்காதவை. வியாபாரி அந்தச் சிறு மீனுக்குக் கொடுக்கும் விலையும் குறைவு. வலைக்காரர் இரண்டு பக்கமும் இழக்கிறார்.

அப்படியானால் ஏன் சின்னக்கண் வலை வைக்கிறார்கள்? பேராசை என்று முடித்துவிடுவது வசதியானது, ஆனால் அது பாதி உண்மைதான். ஒருவர் 3½ வைத்து விட்டுவைத்த மீனைப் பக்கத்து வள்ளக்காரர் 2½ வைத்து நாளைக்கே எடுத்துவிடுவார் என்பது தெரிந்திருக்கும்போது, காத்திருப்பவர் முட்டாளாகிறார். ஆகவே ஒரு சிலரைப் பிடித்து வலையை எரிப்பதால் எதுவும் மாறாது. ஒரே நாளில் குளம் முழுவதும் மாற வேண்டும். சங்கம் ஒரு திகதியைக் குறித்து, பழைய சின்னக்கண் வலைகளை ஒப்படைப்பவருக்குப் புதிய 3½ வலையில் ஒரு பங்கைத் தவணையில் கொடுத்து, அன்றிலிருந்து இறங்குதுறையில் அளக்கத் தொடங்க வேண்டும். குஞ்சுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை ஒரு வருடம் இதற்குத் திருப்பிவிடுங்கள். பலன் அதிகமாக இருக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

தங்கூசி பற்றி ஒரு சொல். மலிவு, தண்ணீரில் தெரியாது, அதிகம் பிடிக்கும். ஆனால் கிழிந்தால் தைக்க மாட்டார்கள், குளத்திலேயே விட்டுவிடுவார்கள். வன்னிக் குளங்களின் அடியில் பட்டமரக் கட்டைகள் நிறைய. அவற்றில் சிக்கி அறுந்த தங்கூசி உக்காமல் கிடந்து மீனையும் நீர்க்காகத்தையும் ஆமையையும் வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டேயிருக்கும். குளம் வற்றிய ஆவணியில் ஒரு நாள் கட்டைகளைச் சுற்றிப் பார்த்தால் எவ்வளவு என்று தெரியும். அந்த ஒரு நாளைச் சிரமதானமாக ஒவ்வொரு சங்கமும் வைத்துக்கொள்ளலாம். முதலை இருக்கும் குளங்களில் தனியாள் இறங்க வேண்டாம், மடுவின் ஓரத்தில் மாடு தண்ணீர் குடிக்கத் தயங்கும் இடங்களைத் தவிருங்கள்.

குஞ்சு விடுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. இப்போது விடும் விதத்தைத்தான் எதிர்க்கிறோம். கணக்கு இது: 1000 ஹெக்டேயர் குளத்தில் ஓர் இலட்சம் குஞ்சு விட்டால் ஹெக்டேயருக்கு நூறு. ஓர் அங்குலக் குஞ்சாக விட்டால் விரால், வாளை, கெழுத்தி, நீர்க்காகம் எல்லாம் தம் பங்கை எடுத்த பின் நூற்றில் பத்து மிஞ்சுவதே அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தும் ஒரு கிலோவாக வளர்ந்து, பத்தும் வலையில் மாட்டினாலும் ஹெக்டேயருக்கு பத்துக் கிலோ. நல்ல நிலையில் இருக்கும் ஒரு பெருங்குளத்தில் திலாப்பியா மட்டும் ஆண்டுக்கு ஹெக்டேயருக்கு நூறு கிலோவைத் தாண்டக்கூடியது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எதற்கு மேடை போடுவது என்று முடிவு செய்யுங்கள்.

பத்து சென்ரிமீற்றர் குஞ்சு என்றால் கதை வேறு. அந்த அளவில் விரால்களில் பெரும்பகுதிக்கு அதை விழுங்க முடியாது, ஓடித் தப்பவும் அதற்குத் தெரியும். பொரிப்பகத்திலிருந்து அந்த அளவில் வாங்குவது செலவு என்றால், ஓர் அங்குலக் குஞ்சை வாங்கிக் குளத்திலேயே வலைக்கூட்டில் வளர்த்துக்கொள்ளலாம். காற்று நேரடியாக அடிக்காத ஒரு குடாவில், இரண்டு மீற்றர் ஆழமுள்ள இடத்தில், நுளம்பு வலை போன்ற நெருக்கமான கண்ணுள்ள வலைப்பெட்டிகளைக் கம்பு நட்டுக் கட்டுங்கள். அடி நிலத்தில் முட்டாமல் அரை மீற்றராவது இடைவெளி வேண்டும். சதுர மீற்றருக்கு நூறு முதல் நூற்றைம்பது குஞ்சு. தீனி அரிசித் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் சரிபாதி. பிண்ணாக்கை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, காலையும் மாலையும் தட்டில் வைத்து இறக்க வேண்டும். தொடக்கத்தில் குஞ்சுகளின் மொத்த எடையில் பத்தில் ஒன்று, பிறகு இருபதில் ஒன்று. கிழமைக்கு ஒரு முறை ஐம்பது குஞ்சை நிறுத்துப் பார்த்து அளவைத் திருத்துங்கள். இரண்டரை முதல் மூன்று மாதத்தில் பத்து சென்ரிமீற்றரைத் தொடும்.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: வலையில் பாசி. நெருக்கமான கண் பத்து நாளில் அடைத்துவிடும். உள்ளே தண்ணீர் மாறாது, விடியற்காலையில் ஒட்சிசன் குறைந்து குஞ்சு மேலே வந்து வாய் பிளக்கும். கிழமைக்கு ஒருமுறை வெளிப்புறமிருந்து மெல்லத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவும் முறைப்பட்டியலில் யார் பெயர் எந்த நாளில் என்று எழுதித் தொங்கவிடாத சங்கம் வலைக்கூடு தொடங்காமல் இருப்பதே நல்லது. இன்னொன்று நீர்நாய். அதற்கு வெளியே பெரிய கண்ணுள்ள தடித்த வலையால் இரண்டாவது சுற்று.

பையில் குஞ்சு வருவது பற்றி. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஒட்சிசன், இரட்டைப் பை, இரவில் அல்லது விடியற்காலையில் பயணம், ஏற்றுவதற்கு முதல் நாள் முழுக்கத் தீனி நிறுத்தம். இவை பொதுவாக நடக்கின்றன. கரைக்கு வந்த பிறகுதான் பிழை. பல மணிநேரம் மூடிய பைக்குள் குஞ்சுகள் விட்ட காபனீரொட்சைட்டு தண்ணீரைச் சற்றே அமிலமாக்கியிருக்கும். அந்த அமிலத்தில்தான் சேர்ந்திருக்கும் அமோனியா அடங்கியிருக்கிறது. பையின் வாயைத் திறந்ததும் வாயு வெளியேறும், அமிலத்தன்மை குறையும், அமோனியா நஞ்சாக மாறும். ஆகவே பையை மூடியபடியே பதினைந்து இருபது நிமிடம் குளத்தில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, திறந்த உடனே குளத்துத் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சில நிமிடத்துக்குள் பையைச் சாய்த்துக் குஞ்சுகள் தாமாக வெளியேற விட வேண்டும். பைகளைத் திறந்து வரிசையில் வைத்துவிட்டு விருந்தினரின் உரையைக் கேட்பது நடக்கவே கூடாது. உரை முக்கியம் என்றால் பை திறக்கும் முன் அல்லது குஞ்சு போன பின் நிகழட்டும். எண்ணிக்கையையும் அங்கேயே சரிபாருங்கள்: இருபது பைக்கு இரண்டு பையை எடுத்து எண்ணினால் போதும், மொத்தம் கிடைத்துவிடும். பத்துக் குஞ்சின் நீளத்தை அளந்து பற்றுச்சீட்டின் பின்புறம் எழுதி இருதரப்பும் கையொப்பமிடுங்கள்.

எப்போது விடுவது? வடகீழ்ப் பருவ மழை ஐப்பசியில் தொடங்கி கார்த்திகை மார்கழியில் உச்சம் கொண்டு தையில் ஓயும். இரணைமடு 36 அடியைத் தொட்டு வான்கதவுகள் திறக்கும் நாட்கள் பெரும்பாலும் அதற்குள்தான். 2018 டிசம்பர் வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கதவு திறந்தால் மேல்நீரில் திரியும் கட்லாவும் இளங்கெண்டைகளும் கனகராயன் ஆற்றில் இறங்கி ஆனையிறவு, சுண்டிக்குளம் கடனீரேரிப் பக்கம் போய்விடும். உவர்நீரில் திலாப்பியா சமாளிக்கும், கெண்டை சமாளிக்காது. நன்னீர் இறாலுக்கோ கீழே போவதே இயல்பு, அதன் குஞ்சுகள் உவர்நீரில்தான் பொரித்து வளரும். வானுக்குக் குறுக்கே வலை கட்டலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். சல்வீனியா என்ற மிதக்கும் களையும் மரக்கொம்பும் வந்து அடைத்தால் நீர் ஏறி அணைக்கட்டுக்கே ஆபத்து. நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் அதற்கு அனுமதி மறுப்பது சரி. மாற்று வழி ஒன்றுதான்: பெருங்குளங்களில் வான் ஓய்ந்து இரண்டு கிழமை கழித்து, பொதுவாகத் தை கடைசி அல்லது மாசியில் விடுவது. மார்கழியில் ஓர் அங்குலக் குஞ்சை வலைக்கூட்டுக்கு எடுத்தால் பங்குனியில் பத்து சென்ரிமீற்றராகக் குளத்துக்குப் போகும். இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீரும்.

பருவகாலச் சிறுகுளங்களுக்கு இது பொருந்தாது. அவை கார்த்திகை மார்கழியில் நிரம்பி ஆடி ஆவணியில் வற்றிவிடும். வான் ஓய்ந்த உடனே, தை முதல் கிழமைக்குள் பத்து சென்ரிமீற்றர் குஞ்சு குளத்தில் இருக்க வேண்டும். அப்படியானால்தான் ஆறேழு மாதத்தில் அரைக் கிலோவைத் தாண்டும். பங்குனி கடைசியில் விட்டால் நான்கு மாதம்தான், கால்கிலோ மீனைச் சேற்றில் அள்ளுவீர்கள். ஹெக்டேயருக்கு இரண்டாயிரம் என்ற அளவை நிரம்பிய குளத்தின் பரப்புக்குக் கணக்கிடாமல் பாதிப் பரப்புக்குக் கணக்கிடுங்கள், ஏனெனில் வளரும் காலத்தின் பெரும்பகுதி குளம் பாதிதான் இருக்கும். குஞ்சு விடுமுன் விராலைத் தூண்டில் போட்டுக் குறைத்துக்கொள்வது பயன்தரும். முழு அறுவடையையும் ஒரே நாளில் செய்து விலையைச் சரித்துக்கொள்ள வேண்டாம், பெரிய கண் வலையால் மூன்று நான்கு தடவையாக எடுத்து, கடைசித் தேக்கத்துக்கு மட்டும் அனுமதி பெற்று இழுவை வலை.

இனி கமக்காரர் அமைப்புகளோடும் நீர்ப்பாசன உத்தியோகத்தர்களோடும் பேச வேண்டியது. குளம் வயலுக்காகக் கட்டப்பட்டது, மீனுக்காக அல்ல. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், எந்தத் திகதியில் தண்ணீர் என்பதை மாவட்டச் செயலாளர் தலைமையில் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானிக்கிறது. அந்த மேசையில் மீன்பிடிச் சங்கத்துக்கு ஒரு கதிரை வேண்டும். வாக்குக் கேட்கவில்லை, தகவல் கேட்கிறோம். துருசு திருத்தத்துக்காகக் குளத்தை முழுதாக இறக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு மாதத்துக்கு முன் தெரிந்தால், குஞ்சு விடுவதை அந்த வருடம் நிறுத்தி, வளர்ந்த மீனை முன்கூட்டியே பிடித்துவிடலாம். திருத்த வேலையின் நடுவில் மீன் சேற்றில் கிடந்து நாறிய பிறகு கடிதம் எழுதுவதால் யாருக்கும் பலனில்லை.

ஆடி ஆவணியில் நீர்மட்டம் துருசுப் படியை நெருங்கும்போது மீன் முழுவதும் மடுக்களில் ஒடுங்கும். அப்போது யார் வலை போட்டாலும் நிறைய வரும். குளத்தில் தொழில் செய்யாத வெளியாட்களும் அப்போதுதான் வருகிறார்கள். அந்த மாதங்களுக்கு மட்டும் ஒவ்வொரு குளத்திலும் ஒரு மடுவை வலையில்லாப் பகுதியாகக் குறித்துவிடுங்கள், நான்கு மிதவை போதும். அடுத்த மாரியின் தாய் மீன் அங்கேதான் மிஞ்சும். 1996 சட்டம் மீன்பிடி முகாமைத்துவப் பகுதிகளைப் பிரகடனம் செய்ய இடம் தருகிறது. எந்த மடு என்பதை அலுவலகம் வரைபடத்தில் தீர்மானிக்க வேண்டாம், அது சங்கத்துக்குத்தான் தெரியும்.

வற்றிய அலைகரையில் (நீர் இறங்கியதும் வெளித்தெரியும் குளத்தோர நிலத்தில்) மாட்டுப்பட்டிகள் மேய்வது பற்றி அடிக்கடி முறைப்பாடு வருகிறது. மீன் பக்கத்திலிருந்து சொன்னால் அது நன்மை. எருமையும் மாடும் அங்கே இடும் சாணம் மாரித் தண்ணீரில் மூழ்கியதும் பாசியாகவும் நுண்ணுயிராகவும் மாறி இளம் திலாப்பியாவுக்கு உணவாகிறது. அலைகரையில் உழுது பயிர் வைப்பதுதான் கேடு. மண் கரைந்து குளத்தை மேடாக்குகிறது, களைகொல்லி நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. பட்டிகளை விரட்டிவிட்டுப் பயிரை விட்டுவைக்கும் ஏற்பாடு தலைகீழானது.

பிடித்த பிறகு நேரும் இழப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மாலையில் வைத்த வலையைக் காலை ஏழு மணிக்கு எடுத்தால், முன்னிரவில் மாட்டிச் செத்த மீன் வெதுவெதுப்பான தண்ணீரில் எட்டு மணிநேரம் கிடந்திருக்கும். வயிறு தளர்ந்து செவுள் வெளுத்துவிடும், வியாபாரி பாதி விலை சொல்வார். நள்ளிரவில் ஒரு முறை வலையைப் பார்த்து, விடியுமுன் மறுபடி எடுங்கள். றெஜிபோம் பெட்டியில் மீனுக்குச் சரி எடைக்கு ஐஸ், ஒரு படை ஐஸ் ஒரு படை மீன் என்று மாற்றி மாற்றி. வள்ளத்துக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுப்பது பல ஆயிரம் குஞ்சு விடுவதைவிட அந்தக் குடும்பத்துக்கு உடனே உதவும்.

வளர்ப்பு மீனைத் தொட்டியிலிருந்து குளத்தில் கொட்டுவதும் நிற்க வேண்டும். 2025 தொடக்கத்தில் தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் வெளிநாட்டுப் பெரு விரால் இனம் ஒன்று காணப்பட்ட செய்தி வந்தது. வன்னிக் குளம் எதிலாவது அப்படி அறியாத மீன் வலையில் வந்தால் திரும்ப விடாமல், படம் எடுத்து அலுவலகத்துக்குக் கொடுங்கள்.

கடைசியாகப் பதிவு. இறங்குதுறையில் ஒரு தடித்த கொப்பி. திகதி, வள்ளத்தின் இலக்கம், வலைக்கண், எத்தனை வலை, திலாப்பியா எத்தனை கிலோ, கெண்டை எத்தனை கிலோ, அன்றைய நீர்மட்டம் எத்தனை அடி. ஏழு கட்டங்கள், எழுத இரண்டு நிமிடம். எல்லா வள்ளமும் வேண்டாம், கிழமைக்கு இரண்டு நாள், நான்கைந்து வள்ளம் போதும். கூடவே இருபது மீனின் நீளம். இருபதின் சராசரி மாதத்துக்கு மாதம் இறங்கினால் சின்னக்கண் வலை எங்கோ ஓடுகிறது என்று அர்த்தம், யாரையும் துரத்திப் பிடிக்காமலேயே தெரிந்துவிடும். ஒரு வருடக் கொப்பி கையில் இல்லாத குளத்துக்கு அடுத்த தொகுதி குஞ்சை ஒதுக்க வேண்டாம் என்று அதிகாரசபையையும் மாகாண அமைச்சையும் கேட்டுக்கொள்கிறோம். சங்கங்கள் எங்களோடு கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

அடுத்த காலபோகப் (மாரிக்கால நெற்செய்கைக்கான) பயிர்ச்செய்கைக் கூட்டங்கள் மழைக்கு முன் நடக்கும். அதற்கு முன்பாக ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் மேற்சொன்ன மூன்று முடிவுகளும் தமிழில் எழுதி ஒட்டப்பட்டிருந்தால் போதும்: வலை அளக்கும் நாளும் அளப்பவரும், குஞ்சின் நீளமும் விடும் கிழமையும், வலையில்லா மடுவின் பெயர். வலை அளக்கும் முறையைச் சங்கக் கூட்டங்களில் செய்து காட்ட ஆள் வேண்டும் என்றால் நாங்கள் வருகிறோம். நனைத்த வலை ஒன்றும் அளவுநாடாவும் நீங்கள் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
வன்னிக் குளங்களின் நன்னீர் மீன்பிடியோடு தொடர்புடையோர்